கலிங்கு ஓடைக்கு ஒரு நடைபாலம்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் விவசாயிகளும் கலந்துகொண்ட பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்று என்னைப் பேசப் பணித்திருக்கும் பொருள் மிகச் சிறியதாகத் தோன்றலாம். ஏரிக்கரையின் மேல் அமைந்த உலாப்பாதையை இணைப்பதற்கு ஒரு நடைபாலம் அமைப்பது எவ்வாறு என்பதே அப்பொருள். பெரிய ஆறுகளின் மீது பாலம் கட்டுவதற்கு நெடுஞ்சாலைத் துறை இருக்கிறது. அதற்கென்று கற்றறிந்த பொறியாளர்கள் இருக்கிறார்கள். பத்து மீட்டர் நீளமுள்ள ஒரு சிறு பாலத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியவர்கள் நாம்தாம்.

இது என் சொந்தக் கருத்தன்று. 1993ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம், ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத் தகுந்தவை என்று 29 பொருள்களைப் பதினோராவது அட்டவணையில் வரிசைப்படுத்தியது. அவற்றுள் 13ஆவது பொருள் சாலைகள், சிறுபாலங்கள், பாலங்கள், ஓடத்துறைகள், நீர்வழிகள் ஆகியவை. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் கிராமச் சாலைகளையும் அவற்றின் மீதுள்ள பாலங்களையும் அமைத்துப் பேணுவதைக் கிராம ஊராட்சியின் கடமையாகவே விதித்திருக்கிறது. ஆகவே, நாம் பேசப்போவது பிறர் வேலையைப் பற்றியன்று. நம் வேலையைப் பற்றியே.

பாதை எங்கே அறுபடுகிறது?

நம் ஒன்றியத்தில் ஓர் ஊராட்சியார் ஏரிக்கரையைச் செம்மைப்படுத்தி, அதன் மேல் நடைபாதை அமைத்திருக்கிறார்கள். காலையில் முதியோர் நடக்கிறார்கள். மாலையில் சிறுவர்கள் ஓடி விளையாடுகிறார்கள். ஆனால் பாதை கலிங்கு வரை சென்று நின்றுவிடுகிறது. கலிங்குக்கு அப்பாலும் கரை இருக்கிறது. கரையை ஒட்டி ஒரு குடியிருப்பும், அதற்கப்பால் நஞ்சை நிலங்களும் இருக்கின்றன. நடுவில் உபரி நீர் ஓடும் ஓடை ஒன்றுதான் தடை.

கோடையில் இத்தடை ஒரு பொருட்டன்று. ஓடையில் இறங்கி ஏறிவிடலாம். ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பிக் கலிங்கு வழியத் தொடங்கினால் நிலைமை வேறாகிவிடுகிறது. கலிங்கின் மேல் வரிசையாக நட்டிருக்கும் கற்களைப் பற்றிக்கொண்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிச் செல்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அக்கற்கள் மனிதர் தாவுவதற்காக நடப்பட்டவையல்ல. மழைக்காலத்தின் முடிவில் அவற்றின் இடையே மண்ணும் புல்லும் அடைத்து, ஏரியில் இன்னும் சிறிது நீரைத் தேக்குவதற்காக முன்னோர் நட்டவை. பாசி பிடித்த கல்லில் கால் வழுக்கினால் கீழே கற்பாவிய தளம். அதன்மேல் சீறிப் பாயும் நீர். விரைந்தோடும் நீர் முழங்காலளவு இருந்தாலே வளர்ந்த ஆளையும் சாய்த்துவிடும்.

கிராம சபையில் இவ்வூரார் நடைபாலம் வேண்டுமென்று கேட்டபோது, சபையில் ஒரு சாரார் எதிர்த்தனர். “உலாவப் போகிறவர்களுக்குப் பாலம் எதற்கு? அந்தப் பணத்தில் பாசன வாய்க்காலைத் தூர்வாரலாமே?” என்பது அவர்கள் கேள்வி. அக்கேள்வி நியாயமானது. அதற்கு விடை கூறாமல் ஒரு செங்கல்லும் வைத்தல் கூடாது.

இது ஆடம்பரமா?

நடப்பது உடலுக்கு நலம் என்பதை அரசும் ஏற்று, 2023 நவம்பர் 4ஆம் நாள் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. 38 மாவட்டங்களிலும் மாவட்டத்திற்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் நடைபாதை வகுக்கப்பட்டது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் நகரத்தார் நோய்களாக இருந்த காலம் போய்விட்டது. உழவுக்கு இயந்திரம் வந்தபின் கிராமத்தாரின் உடலுழைப்பும் குறைந்திருக்கிறது. ஆகவே கிராமத்தில் உலாப்பாதை அமைப்பது வீண் செலவு என்று கூறுவதற்கில்லை.

ஆயினும், உலாவுவதற்கு மட்டும் ஒரு பாலம் என்றால், நானும் அதனை இரண்டாம் இடத்தில்தான் வைப்பேன். இப்பாலத்தைப் பயன்படுத்தப் போகிறவர் யார் என்று ஒருநாள் முழுதும் அக்கரையில் அமர்ந்து எண்ணிப் பாருங்கள். விடியற்காலையில் நடைப்பயிற்சிக்கு வருவோர் சிலர். அவர்களுக்குப் பின் பால் கொண்டு வருவோர், நடவுக்கும் களையெடுப்புக்கும் செல்லும் பெண்கள், பள்ளிக்குச் செல்லும் குழந்தைகள், புல்லுக்கட்டைத் தலையில் சுமந்து திரும்புவோர் என்று பொழுது சாயும் வரை வரிசை நீளும். உலாப்பாதை என்னும் பெயரில் கேட்கப்படும் பாலம், உண்மையில் உழைப்பாளர் பாலம். இரண்டு பயன்களும் ஒரே இடத்தில் கூடுமாயின் அதைவிடச் சிறந்த செலவு வேறில்லை.

பிற இடங்களிலும் இவ்வாறே நிகழ்ந்திருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்து மாத்தூர் தொட்டிப்பாலம் 1960களில் கட்டப்பட்டது. பஃறளியாற்றின் ஒரு பக்கத்து மலையிலிருந்து மறுபக்கத்துக்குப் பாசன நீரைக் கொண்டு செல்வதே அதன் நோக்கம். 115 அடி உயரத்தில் நீரோடும் தொட்டியின் அருகே மனிதர் நடக்கவும் வழி இருந்தமையால், இன்று அது மக்கள் கண்டு மகிழும் இடமாகவும் விளங்குகிறது. மேகாலயத்தில் காசி இன மக்கள் மழைக்காலத்தில் ஓடைகளைக் கடப்பதற்காக ரப்பர் ஆலமரத்தின் உயிருள்ள விழுதுகளையும் வேர்களையும் பின்னிப் பாலம் வளர்க்கிறார்கள். ஒரு பாலம் பயன்பாட்டுக்கு வரப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். நோங்கிரியாட் என்னும் சிற்றூரில் உள்ள இரண்டடுக்கு வேர்ப்பாலத்தைக் காண்பதற்காக, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் இறங்கி மக்கள் செல்கிறார்கள். முதலில் ஊராருக்கு உதவியது. பின்னர் வெளியூராரையும் அழைத்து வந்தது. இந்த வரிசை மாறாமல் இருப்பது நல்லது.

எங்கே அமைப்பது?

இடம் தேர்வதில் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலாவது, இப்பொழுதே மக்கள் எங்கே கடக்கிறார்கள்? ஒற்றையடிப் பாதை பொய் சொல்லாது. அதனின்று வெகுதூரம் விலகிக் கட்டிய பாலம் ஆடு படுக்கத்தான் பயன்படும்.

இரண்டாவது, பாலத்தின் இரு முனைகளும் எல்லாருக்கும் உரிய வழியில் இறங்குகின்றனவா? அக்கரையில் இருப்பது ஆதிதிராவிடர் குடியிருப்பாயின், பாலம் அவர்கள் தெருவுக்கு நேராக இறங்குவதைத் தவிர்த்து, நூறு மீட்டர் தள்ளி வைக்கச் சொல்லும் குரல் சில ஊர்களில் எழுவதுண்டு. அக்குரலுக்கு ஊராட்சி செவிசாய்த்தல் கூடாது. பொதுப்பணத்தில் கட்டும் பாலம் மக்களைச் சேர்ப்பதற்கே உரியது. அவர்களைச் சுற்றிப் போவதற்கன்று. இவ்வொரு கேள்விக்கு நேர்மையாக விடை காணாத ஊரில், பாலம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் பயனில்லை.

மூன்றாவது, நீர் போகும் வழிக்கு ஊறு நேராதா? இக்கேள்வியைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறேன்.

நீருக்கு முதலிடம்

கலிங்கு என்பது ஏரியின் உயிர்நிலை. வந்த வெள்ளத்தில் தேக்க இயலாததை வெளியேற்றிக் கரையைக் காப்பது அதுவே. கலிங்கின் மேலேயே தூண்களை எழுப்பிப் பாலம் போட்டால் செலவு குறையும் என்று சிலர் கூறுவர். தூண் எவ்வளவு இடத்தை அடைக்கிறதோ, அவ்வளவுக்கு நீர் வழியும் நீளம் குறைகிறது. நீளம் குறைந்தால், அதே வெள்ளம் வெளியேறுவதற்கு ஏரியில் நீர்மட்டம் உயர்ந்தாக வேண்டும். நீர்மட்டம் உயர்ந்தால் கரையின் தாழ்ந்த இடத்தில் வழியத் தொடங்கும். மண் கரையின் மேல் நீர் வழிந்தால் அக்கரை நில்லாது. வெள்ளத்தில் அடித்து வரும் மரக்கிளைகளும் ஆகாயத்தாமரையும் தூண்களில் சிக்கிக்கொண்டால் கேடு இன்னும் விரைவாக வரும். ஒரு நடைபாலத்தினால் ஓர் ஏரியும், அதன் கீழுள்ள ஆயக்கட்டு முழுவதும் அழிய நேரலாம்.

ஆகவே, பாலத்தைக் கலிங்கின் மேல் வைக்காமல், நீர் விழும் கல்தளத்தைக் கடந்து, ஓடை நேராக ஓடும் இடத்தில் வைப்பது முறை. பத்துப் பன்னிரண்டு மீட்டர் அகலமுள்ள ஓடைக்கு நடுத்தூண் வேண்டுவதில்லை. ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஒரே தாவலாக அமைத்துவிடலாம். பொதுவாக, 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஆயக்கட்டுள்ள ஏரிகள் நீர்வளத் துறையின் பொறுப்பிலும், அதனினும் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலும் உள்ளன. ஏரி எவர் பொறுப்போ, அவருடைய எழுத்து மூலமான இசைவு இல்லாமல் ஓடையில் கடப்பாறை விழுதல் கூடாது.

பாலத்தின் அடிப்பாகம் வெள்ள மட்டத்துக்கு எவ்வளவு மேலே இருக்க வேண்டும் என்பதற்கும் விதி உண்டு. நொடிக்கு 3 முதல் 30 கனமீட்டர் வரை நீர் வரும் ஓடையாயின் 60 சென்டிமீட்டர். 30க்கு மேல் 300 கனமீட்டர் வரையாயின் 90 சென்டிமீட்டர். இது இந்தியச் சாலைக் குழுமத்தின் நெறிமுறை. வெள்ள மட்டத்தைப் பொறியாளர் கணக்கிட்டுச் சொல்வார். அத்துடன் ஊரிலுள்ள முதியோரையும் அழைத்து, அவர்கள் நினைவில் நீர் எந்தக் கல் வரை ஏறிற்று, எந்த மரத்தின் அடியைத் தொட்டது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரண்டில் எது உயரமோ அதனையே கொள்ளுங்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது. தென்மாவட்டங்களில் பல ஏரிகளும் குளங்களும் உடைந்தன. பழைய கணக்கு ஒன்றையே நம்பியிருத்தல் இனி ஆகாது.

எவ்வளவு பாரம் தாங்க வேண்டும்?

நடைபாலந்தானே, நாலு பேர் நடந்தால் என்ன ஆகிவிடும் என்று எண்ணுவது இயல்பு. கணக்கைப் பாருங்கள். நடைபாதைக்குச் சதுர மீட்டருக்கு 400 கிலோ பாரம் கொள்ள வேண்டும் என்றும், திருவிழாக் கூட்டம் கூடும் இடமாயின் 500 கிலோ கொள்ள வேண்டும் என்றும் நெறிமுறை கூறுகிறது. பத்து மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலமுள்ள பாலத்தின் பரப்பு 15 சதுர மீட்டர். 500 கிலோ வீதம் 7,500 கிலோ. அதாவது ஏழரை டன். ஆளுக்கு 60 கிலோ என்றால் 125 பேர். தெப்பத் திருவிழாவன்றும், ஏரி நிரம்பி வழியும் முதல்நாளன்றும் வேடிக்கை பார்க்க ஊரே அங்குதான் நிற்கும். அன்றைக்குத் தாங்கும் பாலமே பாலம்.

இதனைப் புறக்கணித்ததன் விளைவை நம் நாடு அண்மையில் கண்டது. குஜராத் மாநிலம் மோர்பியில், மச்சு ஆற்றின் மேல் 19ஆம் நூற்றாண்டில் அமைந்த தொங்கு நடைபாலம் ஒன்று இருந்தது. பல மாதங்கள் பழுதுபார்ப்புக்காக மூடியிருந்து, 2022 அக்டோபர் 26ஆம் நாள் திறக்கப்பட்டது. நான்காம் நாள், அக்டோபர் 30 அன்று மாலை, கூட்டம் நிரம்பியிருந்த வேளையில் வடம் அறுந்தது. 135 உயிர்கள் போயின. பின்னர் ஆராய்ந்தபோது, வடத்தின் 49 கம்பிகளில் 22 துருவேறி முன்னரே அறுந்திருக்கலாம் என்று தெரியவந்தது. கண்ணுக்குத் தெரியும் தளத்தைப் புதுப்பித்தார்கள். பாரம் தாங்கும் வடம் பழையதாகவே இருந்தது.

மராட்டிய மாநிலத்தில் புனே அருகே குண்ட்மலா என்னுமிடத்தில், இந்திராயணி ஆற்றின் மேலிருந்த குறுகிய இரும்புப் பாலம் 2025 ஜூன் 15 அன்று இடிந்து 4 பேர் மாண்டனர். 50 பேருக்கு மேல் காயமுற்றனர். அன்று ஞாயிற்றுக்கிழமை. மழைக்கால ஆற்றைக் கண்டு களிக்க வந்தவர்கள் பாலத்தின் மேல் கூடி நின்றிருந்தார்கள். பாலம் ஆபத்தானது என்று எச்சரிக்கைப் பலகையும் அங்கே இருந்தது. ஊராரின் போக்குவரத்துக்கு அமைந்த பாலம், உலாவ வருவோரின் கூட்டத்தைத் தாங்கவில்லை. உலாப்பாதையை இணைக்க நினைக்கும் நாம் இந்நிகழ்ச்சியை மறத்தல் கூடாது. பலகை கூட்டத்தைத் தடுக்காது.

இருசக்கர வண்டிகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். “வண்டிகள் செல்லக்கூடாது” என்று எழுதி வைப்போம். இரண்டாம் நாளே பாற்கேனுடன் ஒரு வண்டி அதன்மேல் போகும். ஆகவே கிராம சபையிலேயே வெளிப்படையாகக் கேட்டு, வண்டி போகும் என்றால் அதற்கும் சேர்த்து வடிவமைக்குமாறு பொறியாளரிடம் கூறிவிடுங்கள். மறைத்து வைத்த பயன்பாடே பாலத்துக்குப் பகை.

எதனால் கட்டுவது?

முன்னோர் பனை, தென்னை மரங்களைக் குறுக்கே போட்டு வாய்க்கால்களைக் கடந்தனர். வைரம் பாய்ந்த முதிர்ந்த பனையின் வெளிச்சுற்று உறுதியானது, உட்சோறு மென்மையானது. அதனால் மரத்தைப் பிளந்து சோற்றை நீக்கிப் பயன்படுத்தினார்கள். வயல் வாய்க்காலுக்கு அது போதும். ஊரார் நாள்தோறும் நடக்கும் ஓடைக்குப் போதாது.

ஐந்தாறு மீட்டர் ஓடைக்குக் கம்பி கட்டிய கான்கிரீட் தளம் எளிது. பத்து மீட்டரை நெருங்கினால் இரும்பு உத்திரம் வைத்து, அதன்மேல் தளம் போடுவது வசதி. பட்டறையில் செய்து கொண்டுவந்து பொருத்திவிடலாம். ஓடைக்குள் முட்டுக் கொடுக்க வேண்டுவதில்லை. இரும்பு வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். ஆகவே ஒரு முனையை இறுக்கி, மறுமுனை சிறிது நகருமாறு வைக்க வேண்டும். இரு முனைகளையும் சிமெண்டில் புதைத்துவிட்டால் கரைச்சுவர் வெடிக்கும். கான்கிரீட் உத்திரமாயின், ஆறு மீட்டருக்கு மேற்பட்டதற்கு 21 நாட்கள் முட்டை எடுத்தல் கூடாது. ஒப்பந்தக்காரருக்கு அவசரம் இருக்கும். உறுப்பினர்கள் நாளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்.

அகன்ற ஆறாயின் தொங்கு பாலம் நினைவுக்கு வரும். கர்நாடகத்தில் சுள்ளியா ஊரைச் சேர்ந்த கிரீஷ் பாரத்வாஜ் என்னும் இயந்திரப் பொறியாளர், 1989ஆம் ஆண்டு அரம்பூரில் பயஸ்வினி ஆற்றின் மேல் ஊர்மக்களின் வேண்டுகோளுக்கிணங்க ஒரு தொங்கு நடைபாலம் அமைத்தார். அதன்பின் கர்நாடகத்திலும் கேரளத்திலும் பிற மாநிலங்களிலும் நூற்றுக்கு மேற்பட்ட நடைபாலங்களை அமைத்து, 2017இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். சாலைப் பாலத்துக்கு ஆகும் செலவில் சிறு பகுதியைக் கொண்டே ஆற்றால் பிரிந்த ஊர்களை இணைக்கலாம் என்பதை அவர் பணி மெய்ப்பித்தது. ஆனால் தொங்கு பாலத்துக்கு வடமே உயிர். ஆண்டுதோறும் அறிந்தவரைக் கொண்டு வடத்தைச் சோதிக்க இயலாத ஊராட்சி அதனை விரும்புதல் தகாது. நம் கலிங்கு ஓடைக்கு அது தேவையும் இல்லை.

கைப்பிடி தளத்திலிருந்து 1.1 மீட்டர் உயரம் இருக்கட்டும். குழந்தை நுழைந்து விழாதபடி கம்பிகள் நெருக்கமாக இருக்கட்டும். இருபுறமும் படிக்கட்டு வைக்காமல், பன்னிரண்டு அடிக்கு ஓரடி என்னும் அளவில் சரிவு அமைத்தால், சக்கர நாற்காலியில் வருபவரும், தலைச்சுமையுடன் வரும் பெண்ணும், மிதிவண்டி தள்ளிவரும் மாணவனும் துன்பமின்றி ஏறுவர்.

நிலமும் பணமும்

அணுகுபாதை ஒருவருடைய பட்டா நிலத்தில் இறங்குமாயின், “எடுத்துக்கொள்ளுங்கள்” என்னும் அவருடைய வாய்ச்சொல்லை நம்பி வேலையைத் தொடங்காதீர்கள். அவர் நல்லவராக இருப்பார்; அவருடைய வாரிசுகள் வேலி போடுவர். புல வரைபடத்தைக் கிராம நிர்வாக அலுவலரிடம் பார்த்து, தேவையான அளவை ஊராட்சியின் பெயருக்குத் தானப் பத்திரமாகப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

பணத்துக்கு ஊராட்சியின் பொதுநிதி உண்டு. மானிய நிதி உண்டு. 2021-22ஆம் ஆண்டு மீண்டும் நடைமுறைக்கு வந்த ‘நமக்கு நாமே’ திட்டத்தில், மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கேனும் பொதுமக்கள் அளித்தால், எஞ்சியதை அரசு அளிக்க வழி செய்யப்பட்டது. அறுவடை முடிந்த மாசி மாதத்தில் கேட்டால் விவசாயி மனமுவந்து கொடுப்பார். நடவுக் காலத்தில் கேட்டால் அவரிடம் இராது. ஏரி வற்றி ஓடை உலர்ந்திருக்கும் பங்குனியில் அடித்தளம் தோண்டி, ஆனி முடிவதற்குள் பாலத்தை முடித்துவிட வேண்டும். அதற்குத் தை மாதத்திலேயே அனுமதிகள் யாவும் கையில் இருத்தல் அவசியம். குடியரசு நாள் கிராம சபையில்தான் முதன்முதலாகத் தீர்மானம் போடுவோம் என்றால் அவ்வாண்டு கோடை தவறிவிடும். அக்டோபர் 2ஆம் நாள் கிராம சபையே இதற்குத் தகுந்த நாள்.

மதிப்பீட்டின் சுருக்கத்தையும், அளவுப் புத்தகத்தில் பதிவான அளவுகளையும் ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வையுங்கள். நன்கொடை அளித்தவருக்கு அதைக் காண உரிமையுண்டு.

திறப்பு விழாவுக்குப் பின்

பாலம் கட்டியவர் பெயர் கல்வெட்டில் இருக்கும். பாலத்தைக் காப்பவர் பெயர் எங்கும் இராது. ஆயினும் மோர்பியும் குண்ட்மலாவும் நமக்குக் கூறுவது, கட்டுவதனினும் காப்பது பெரிது என்பதே. ஆண்டுதோறும் புரட்டாசி முடிவதற்குள், மழைக்கு முன், ஒன்றியப் பொறியாளரை அழைத்துப் பாலத்தைச் சோதியுங்கள். தளத்தின் மேலே மட்டும் பார்த்தால் போதாது. அடியில் இறங்கி உத்திரத்தையும், அது அமர்ந்திருக்கும் இடத்தையும், கரைச்சுவரின் அடியில் மண் அரித்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். துருவைச் சுரண்டி வண்ணம் பூசுங்கள். தளர்ந்த திருகாணிகளை இறுக்குங்கள். பார்த்த நாளையும் கண்ட குறையையும் தீர்மானப் புத்தகத்தில் பதியுங்கள். வெள்ளம் தளத்தை நெருங்கும்போது பாலத்தை மூடுவதற்கு யார் பொறுப்பு என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். சங்கிலியும் பூட்டும் இருந்தால் போதாது. மழையில் நனைந்துகொண்டு போய் அதனைப் பூட்டும் ஓர் ஆள் வேண்டும்.

தூர்வாருவதா, பாலமா என்று கேட்ட நண்பர்களுக்கு இறுதியாக ஒன்று கூறுகிறேன். ஓடையின் இரு கரையாரும் நாள்தோறும் ஒரே பாலத்தில் எதிர்ப்படும் ஊரில், வாய்க்காலைத் தூர்வாரக் கூப்பிட்டால் இரு கரையிலிருந்தும் மண்வெட்டிகள் வரும். பாலமும் வாய்க்காலும் ஒன்றுக்கொன்று போட்டியல்ல. முதலில் நீருக்கு வழி விடுவோம். அதன் மேலே மனிதருக்கு வழி செய்வோம். இக்கோடை வருமுன் அதற்கான தீர்மானத்தை உங்கள் கிராம சபைகளில் நிறைவேற்றுவீர்கள் என்று நம்புகிறேன்.